பச்சைத் திரவத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக அழிவைச் சொல்லும் திகில் படங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, இயக்குநர் ஜான் கார்பென்டரின் ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ படத்துக்கு ஒதுக்கியது நான்கே வரி. கையில் காசில்லாமல் எடுத்த படம், அதனால் உலகம் அழியப்போகிறது என்ற பயமே வரவில்லை என்பது கட்டுரையாளரின் தீர்ப்பு. படத்தில் குறைகள் உண்டு, கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் கைவைத்த இடம் ஒன்று, நோவு இருக்கும் இடம் இன்னொன்று. காசு குறைந்தது இந்தப் படத்துக்கு நல்லதே செய்திருக்கிறது. கெடுத்தது திரைக்கதை. தானே போட்ட விதியைப் பாதி வழியில் அது மறந்துவிடுகிறது. இதைச் சொல்ல முடிவையும் உடைத்தாக வேண்டும். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதலில் செலவுக் கணக்கு. 1986ல் வந்த ‘பிக் ட்ரபுள் இன் லிட்டில் சைனா’ பெரிய ஸ்டுடியோ படம், வசூலில் படுத்துவிட்டது. அதன்பின் கார்பென்டர் அலைவ் ஃபிலிம்ஸ் என்ற சிறிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 30 லட்சம் டாலர். பதிலுக்கு, எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்பதில் யாரும் தலையிடுவதில்லை. அந்த ஒப்பந்தத்தில் முதலில் வந்த படம் இது, 1987 அக்டோபரில். அமெரிக்க வசூல் மட்டுமே போட்ட முதலைப் போல நான்கு மடங்குக்கு மேல். திரைக்கதை ஆசிரியர் என்று டைட்டிலில் வரும் மார்ட்டின் குவாட்டர்மாஸ் வேறு யாருமல்ல, கார்பென்டரேதான். பழைய தீய சக்திகளுக்கு அறிவியல் விளக்கம் தேடும் கதைகளை எழுதிய பிரிட்டன் எழுத்தாளர் நைஜல் நீலுக்கு அது ஒரு வணக்கம். அவருடைய நாயகன் பேராசிரியர் குவாட்டர்மாஸ். வணக்கம் வைக்கப்பட்டவர் அதை ரசிக்கவில்லை என்பது வேறு கதை.

கதை எளியது. லாஸ் ஏஞ்சலீஸில் கைவிடப்பட்ட ஒரு தேவாலயம். அதன் நிலவறையில் பெரிய கண்ணாடி உருளை, உள்ளே தானாகச் சுழலும் பச்சைத் திரவம். பக்கத்தில் ஒரு பழைய சுவடி. ‘உறக்கத்தின் சகோதரர்கள்’ என்ற ரகசியத் துறவியர் சபை தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துவந்திருக்கிறது. சபையின் கடைசிக் காவலர் இறந்துபோக, விஷயம் ஒரு பாதிரியார் கைக்கு வருகிறது (டொனால்ட் பிளசன்ஸ்). இது ஜெபத்தில் தீரும் காரியமல்ல என்று தெரிந்துகொண்ட அவர், இயற்பியல் பேராசிரியர் பிராக்கை (விக்டர் வாங்) அழைக்கிறார். பேராசிரியர் தன் மாணவர்களோடும் மற்றத் துறை ஆட்களோடும், கருவிகளைத் தூக்கிக்கொண்டு வார இறுதிக்கு அங்கே வந்து இறங்குகிறார். சாத்தானை ஆய்வகத்தில் வைத்து அளப்பது என்ற ஒரே யோசனைதான் படம். யோசனை அபாரம்.

அழிவைக் காட்டாமல் அழிவைச் சொல்ல முடியும் என்பதற்கு இந்தப் படத்தின் கனவுக் காட்சியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தேவாலயத்தில் கண்ணயரும் எல்லோருக்கும் ஒரே கனவு வருகிறது. புள்ளிகள் கொதிக்கும் மங்கலான தொலைக்காட்சிப் படம். தேவாலய வாசல். கேமரா கொஞ்சம் ஆடுகிறது. கரகரத்த குரல் ஒன்று, இது கனவல்ல, 1999ஆம் ஆண்டிலிருந்து உங்கள் மூளைக்கு அனுப்பப்படும் ஒளிபரப்பு என்கிறது. ஆண்டைக்கூட அந்தக் குரல் ஒவ்வோர் இலக்கமாகத்தான் உச்சரிக்கிறது. நேரம் கெட்ட வேளையில் பிடித்த வானொலி அலைவரிசை மாதிரி வார்த்தைகள் பாதியில் அறுபடுகின்றன. வாசலில் கறுப்பாக ஓர் உருவம் வெளிப்படத் தொடங்கும்போது தூங்கியவர் விழித்துக்கொள்கிறார்.

இதை எடுத்த விதம்தான் பாடம். காட்சியை வீடியோ கேமராவில் பதிவு செய்து, தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடவிட்டு, அந்தத் திரையைப் படச்சுருள் கேமராவால் மறுபடி எடுத்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு ஏறக்குறைய 30 சட்டகம், சினிமா 24. இரண்டும் சும்மா ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடத்தில் படம் துடிக்கிறது, கோடு ஓடுகிறது, வண்ணம் வெளிறுகிறது. மற்றவர்கள் தவறு என்று நீக்கியிருக்கக்கூடியதை இங்கே வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். படத்தின் மற்றக் காட்சிகள் எல்லாம் சுத்தமான அகலத்திரைப் படச்சுருள் என்பதால், இந்தத் துணுக்கு வேறு காலத்திலிருந்து வந்தது என்பதைக் கண்ணே நம்பிவிடுகிறது. கோடி கோடியாகக் கொட்டி நகரங்களைத் தரைமட்டமாக்கும் படங்கள் இந்த ஒரு வாசலுக்கு ஈடாகாது.

இன்னொரு நுணுக்கம். கனவு படத்தில் பல தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் துளி கூடுகிறது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் சலிக்கும் என்பது பொது நியாயம். ஆனால் கூடுவது என்ன என்று பார்வையாளர் எண்ணத் தொடங்கிவிட்டால் சலிப்பு வராது. சபைக்கு ‘உறக்கத்தின் சகோதரர்கள்’ என்று ஏன் பெயர் என்பதும் இந்தக் கனவு வந்த பிறகுதான் உறைக்கிறது.

இசையைப் பற்றிக் கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. கார்பென்டரும் ஆலன் ஹோவர்த்தும் சேர்ந்து சின்தசைசரில் செய்தது. கீழ்ச்சுரத்தில் ஒரே துடிப்பு, அதன்மேல் பாடகர் குழு போன்ற ஒலி. தொடக்கத்தில் பெயர்கள் ஓடி முடியவே ஏறக்குறைய 10 நிமிடம் ஆகிறது. ஒரு பெயர், ஒரு காட்சி, இன்னொரு பெயர், வகுப்பறை, பெயர், தெருவில் எறும்புகள். இவ்வளவு நேரமும் துடிப்பு நிற்பதில்லை. எதுவுமே நடக்காத காட்சிகள் அவை. ஒருவர் நடக்கிறார், ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், அவ்வளவுதான். இசையை அணைத்துவிட்டுப் பார்த்தால் கல்லூரி விளம்பரப் படம் மாதிரி இருக்கும். ஒலியைக் கூட்டினால் வயிற்றைப் பிசைகிறது. இதில் ஒரு விலையும் உண்டு. துடிப்பு நிற்காததால், நிஜமாகவே ஆபத்து வரும்போது உயர்த்த இடமில்லாமல் போகிறது. பின்பாதியில் சில கொலைகள் தட்டையாக விழுவதற்கு இது ஒரு காரணம்.

ஒளிப்பதிவு கேரி கிப்பி. கார்பென்டரோடு அவர் பல படம் செய்தார், ஒளிப்பதிவாளராக முதல் படம் இது. 2.35:1 என்ற, உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலமான நீண்ட சட்டகத்தை, அகலக் கோண லென்ஸ் போட்டு, குறுகிய தாழ்வாரங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவு செய்யும் அனமார்ஃபிக் லென்ஸில் அகலக் கோணம் போட்டால் ஓரங்களில் நேர்கோடு வளையும். கதவு நிலைகளும் தூண்களும் உள்ளே சாய்வதுபோல் தெரியும். நடுவில் ஓர் ஆள், இரண்டு பக்கமும் வெறும் இடம். அந்த வெற்றிடத்தில் யாரோ வரப்போகிறார்கள் என்று கண் அலைகிறது, பெரும்பாலும் யாரும் வருவதில்லை. கூரையை நோக்கி மேலே சொட்டும் திரவமும் அப்படித்தான். செட்டைத் தலைகீழாகக் கட்டி, கேமராவையும் தலைகீழாக வைத்தால் நீர் தன்பாட்டில் ‘மேலே’ விழும். சினிமா பிறந்த நாளிலிருந்து இருக்கும் வித்தை அது. கணினி வேலை எதுவும் தேவையில்லை.

கட்டுரையாளர் ‘போலி அறிவியல்’ என்று ஒதுக்கிய பகுதிக்கு வருகிறேன். ஒவ்வொரு துகளுக்கும் எதிர்த்துகள் உண்டு என்பது பால் டிராக் 1928ல் எழுதிய சமன்பாட்டிலிருந்து வந்தது. 1932ல் கார்ல் ஆண்டர்சன் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டுபிடித்தார். அப்படியானால் கடவுளுக்கும் ஓர் எதிர் இருக்கலாம், அது கண்ணாடிப் பிம்பம்போல் இன்னொரு பக்கத்தில் காத்திருக்கலாம் என்கிறார் பிராக். திரவத்தில் இருப்பது மகன், கண்ணாடிக்கு அப்பால் இருப்பது தகப்பன். இயற்பியல்படி கண்ணாடிப் பிம்பம் வேறு, எதிர்த்துகள் வேறு. முதலாவது இடவலம் மாறுவது, இரண்டாவது மின்னேற்றம் மாறுவது. இயற்கை கண்ணாடிச் சமச்சீரை எப்போதும் மதிப்பதில்லை என்று 1957ல் சியென்-ஷியுங் வூவின் கோபால்ட்-60 சோதனை காட்டிய பிறகு, இரண்டையும் சேர்த்து மாற்றிப்பார்க்கும் பழக்கம் இயற்பியலாளர்களுக்கு வந்தது. ஆகவே படம் இரண்டையும் குழப்பியிருக்கிறது என்பது சரி. ஆனால் குழப்பம் ஊகிக்கும் திசையில்தான் போகிறது. அந்தப் பேராசிரியரின் வாயில் அது பொருந்துகிறது.

கனவுச் சேதி வரும் வழி என்று படம் சொல்லும் டேக்கியான் விஷயத்தில் இன்னும் கவனமாக இருந்திருக்கிறார்கள். ஒளியை மிஞ்சும் கற்பனைத் துகளுக்கு ஜெரால்ட் ஃபைன்பெர்க் 1967ல் வைத்த பெயர் அது. இதுவரை அப்படியொன்று கிடைக்கவில்லை. கிடைத்தால், சேதி கடந்த காலத்துக்குப் போகலாம் என்பது கணக்கு. கடந்த காலத்துக்குச் சேதி அனுப்பும் கதைகள் எல்லாம் ஒரே குழியில் விழும்: எச்சரிக்கை பலித்தால், எச்சரிக்கை அனுப்பிய எதிர்காலமே இருக்காதே? இந்தப் படம் குழியைச் சுற்றிப் போகாமல் அதிலேயே இறங்குகிறது. கடைசிக் கனவில் வாசலில் வெளிப்படும் உருவம் மாறியிருக்கிறது. எதிர்காலம் மாறிவிட்டது, ஆனால் நின்றுவிடவில்லை. ஒரு வசனமும் இல்லாமல் இதைச் சொல்லிவிடுகிறார்கள். மாறாக, உருளையின் வயது 70 லட்சம் ஆண்டு என்று சொல்லும் இடம் அசட்டையானது. கரிமம்-14ன் அளவை வைத்து வயது சொல்லும் கரிமக் கணிப்பு என்று எடுத்துக்கொண்டால் அது 50,000 ஆண்டுக்கு அப்பால் எட்டாது. கரிமம்-14ன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. 70 லட்சம் ஆண்டில் அது 1,200 தடவைக்கு மேல் பாதியாகியிருக்கும், எண்ண ஓர் அணுவும் மிஞ்சாது. பக்கத்திலேயே கருவிகளோடு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும் படத்தில் இது கண்ணை உறுத்துகிறது.

உறுத்தல்களின் பட்டியலில் முதலிடம் ஆட்களுக்கு. பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே வருகிறார்கள். இவர்களில் எத்தனை பேரின் பெயர் படம் முடிந்தபின் நினைவிருக்கும்? பச்சைத் திரவத்தால் முதலில் பீடிக்கப்படும் சூசன் காணாமல்போகிறாள். அவளைத் தேடும்போது சக மாணவர்களுக்கே யாரென்று விளங்கவில்லை. எக்ஸ்ரே படம் எடுப்பவள், கண்ணாடி போட்டவள் என்று அடையாளம் சொல்லவேண்டியிருக்கிறது. நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பார்வையாளர் நிலைமையும் அதுதான், எனவே சிரிப்பு படத்தின் மேலேயே திரும்புகிறது. பனிப் பிரதேச ஆய்வு நிலையத்தில் நடக்கும் ‘தி திங்’ (1982) படத்திலும் பன்னிரண்டு பேர்தான். அங்கே ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டியிருந்ததால் ஒவ்வொருவரையும் கவனித்தோம். இங்கே பீடிக்கப்பட்டவர் உடனே வெளிறி, விறைத்து, வெளிப்படையாகிவிடுகிறார். சந்தேகத்துக்கு வேலையில்லை. அதோடு ஆட்களைக் கவனிக்கும் அவசியமும் போய்விடுகிறது.

காதலும் அப்படியே. மாணவன் பிரையன் சக மாணவி கேத்தரினைத் தூரத்தில் நின்று வெறித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது. இரண்டு மூன்று காட்சி தாண்டுவதற்குள் நெருங்கிவிடுகிறார்கள். முடிவில் கேத்தரின் செய்யும் தியாகத்தின் முழுப் பாரமும் இந்த நூலில் தொங்குகிறது. நூல் அறுந்துபோகாமல் காப்பாற்றுவது கேத்தரினாக நடித்த லிசா பிளவுண்ட்டின் முகம் மட்டும்தான், எழுத்து அல்ல.

இரண்டாவது, கடிதத்தின் தலைப்பில் சொன்ன கணக்கு. அமானுஷ்யம் என்பதால் எதுவும் நடக்கலாம் என்று விட்டுவிட்டால் பயம் போய்விடும். எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்தால்தான் நடக்கப்போவதை நினைத்து நடுங்க முடியும். படம் முதலில் தெளிவான விதி ஒன்றைப் போடுகிறது: திரவம் வாயில் பீச்சினால் ஆள் அடிமை, அவர் அடுத்தவர் வாயில் பீச்சுவார். நல்லது, தொற்றுநோய்க் கணக்கு. ஆனால் வெளியே தெருவில் கொல்லப்பட்ட, குழுவில் ஒருவனான விண்டம், திரவம் படாமலேயே நடந்து வந்து, மரணத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்து, வண்டுக் குவியலாகச் சரிகிறான். காட்சி என்னவோ மறக்கவே முடியாதது, குரல் வந்துகொண்டிருக்கும்போதே தலை சரிவது இன்றும் உடம்பைக் கூசவைக்கிறது. ஆனால் எந்த விதியில் நடந்தது? தெருவில் வீடற்றவர்கள் தொலைவிலிருந்தே ஆட்டுவிக்கப்படுகிறார்கள், குழுவில் ஒருத்தியான கெல்லியின் கையில் காயம் சின்னமாக மாறுகிறது, பிறகு உருளையின் திரவம் முழுவதும் அவளுக்குள் இறங்குகிறது. நான்கு வழி, நான்குக்கும் நடுவில் கணக்கு இல்லை. தொலைவிலிருந்தே ஆட்ட முடியுமென்றால் உள்ளே இருப்பவர்களை ஏன் ஆட்டவில்லை?

விதியைக் காப்பாற்றும் இடமும் உண்டு, அங்கே படம் பிரகாசிக்கிறது. தகப்பனை இழுக்க கெல்லி முதலில் எடுப்பது கைக்கடக்கமான சிறு கண்ணாடி. விரல் உள்ளே போகிறது, அதற்குமேல் போகாது. கண்ணாடி சிறிது, ஆள் பெரிது, அவ்வளவுதான் காரணம். பிறகுதான் பெரிய கண்ணாடியைத் தேடுகிறாள். உலகத்தின் முடிவு ஒரு கண்ணாடிச் சட்டத்தின் அளவுக்கு வந்து நிற்கிறது. இப்படி அளந்துகாட்டும்போது பிசாசும் நிஜமாகிவிடுகிறது. ஆனால் இங்கேயே ஒரு கேள்வி: தீமை கண்ணாடிப் பிம்பத்தில் இருக்கலாம் என்று பேராசிரியர் வாய்விட்டுச் சொன்ன பிறகும், கட்டடத்தில் மாட்டியிருக்கும் கண்ணாடிகளை ஒருவரும் கழற்றவில்லையே? படித்த கூட்டம்தானே?

நடுப்பகுதி தொய்வதற்கும் இதுவே காரணம். பீடிக்கப்பட்டவர்கள் கெல்லியின் படுக்கையைச் சுற்றிச் சும்மா நிற்கிறார்கள். தப்பியவர்கள் வேறு அறையில் அடைபட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தப்பியவர்களில் ஒருவனான வால்ட்டர் அலமாரி அறைக்குள் மாட்டிக்கொண்டு ஜோக் அடிக்கிறான், பாதி ஜோக்குகள் அப்போதே பழசு. இரண்டு தரப்பும் ஒன்றுக்காகக் காத்திருக்கின்றன, அது என்னவென்று நமக்குச் சொல்லப்படவில்லை. காத்திருப்பு பயமாவதற்கு ஒரு கெடு தெரியவேண்டும்.

வீடற்றவர்களைக் காட்டிய விதம் இன்று பார்க்கையில் சங்கடப்படுத்துகிறது. டைட்டிலிலேயே அவர்களின் தலைவனுக்கு மனநோயைக் குறிக்கும் கொச்சைச் சொல்லைத்தான் பெயராகப் போட்டிருக்கிறார்கள். ஏழை, மனநலம் குன்றியவர், ஆகவே தீமைக்குச் சுலபமான கருவி என்பது சோம்பேறி எழுத்து. அந்த வேடத்தில் வருபவர் ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர். உடைந்த சைக்கிளால் ஒருவனைக் குத்திக் கொல்லும் உபாயம் அவருடைய மேடை நிகழ்ச்சியிலிருந்து வந்தது. ஏனோ அந்தக் கொலை மட்டும் படத்தின் மற்றப் பகுதியோடு ஒட்டாமல், மேடை வித்தையாகவே நிற்கிறது.

அதே சமயம் குழுவில் ஒருவனான கால்டரைச் சொல்லாமல் விடுவது அநியாயம். பீடிக்கப்பட்ட பின்னும் உள்ளே ஏதோ மிச்சமிருக்கும் ஒரே ஆள். பக்திப் பாடல் ஒன்றைப் பாடியபடி, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, உடைந்த மரத்துண்டைத் தொண்டையில் இறக்குகிறான். முகம் சிரிக்கிறது, கண் அழுகிறது. ஜெஸ்ஸி லாரன்ஸ் ஃபெர்குசன் செய்த அந்த அரை நிமிடத்தில், அடிமையானவன் உள்ளுக்குள் என்ன பாடுபடுவான் என்பது தெரிகிறது. மற்றவர்களுக்கும் இதில் கால்வாசி எழுதியிருந்தால் போதும்.

முடிவு எல்லாக் கடனையும் தீர்த்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன், பெரும்பகுதியைத் தீர்க்கிறது. கெல்லி பெரிய கண்ணாடிக்குள் கைவிட்டு ஒரு கறுத்த கையைப் பிடித்து இழுக்கும்போது, கேத்தரின் ஓடிவந்து அவளோடு சேர்ந்து உள்ளே பாய்கிறாள். பாதிரியார் கோடரியை எறிந்து கண்ணாடியை உடைக்கிறார். கேமரா அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கும்மிருட்டு, தூரத்தில் வெளிச்சச் சதுரம், அதை நோக்கி நீளும் கை, வெளிச்சம் அணைகிறது. பிறகு பிரையனின் கனவு. வாசலில் இப்போது நிற்பது கேத்தரின். விழித்தெழுந்தவன் அறைக் கண்ணாடியை நோக்கி மெல்லக் கை நீட்டுகிறான். விரல் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் படத்தை வெட்டிவிடுகிறார்கள். ஒரு சட்டகம் தள்ளி வெட்டியிருந்தாலும் விடை தெரிந்திருக்கும், அல்லது விடை இல்லை என்பது தெரிந்திருக்கும்.

இரண்டு திருத்தங்களோடு முடிக்கிறேன். ‘தி திங்’, ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’, ‘இன் தி மவுத் ஆஃப் மேட்னஸ்’ (1994) மூன்றும் தொடர்கதை என்று கட்டுரையில் வந்திருக்கிறது. அல்ல. கதையிலோ பாத்திரங்களிலோ ஒட்டுறவு கிடையாது, உலக முடிவு என்ற பொருளை வைத்து மூன்றையும் ஒரு வரிசையாகச் சொல்கிறார்கள். எந்த வரிசையிலும் பார்க்கலாம். அடுத்து, கட்டுரையோடு வந்த படம் பழைய தொலைக்காட்சிக்காக இரண்டு பக்கமும் வெட்டப்பட்ட சதுரப் பிரதியிலிருந்து எடுத்தது. அந்தப் பிரதியில் பார்த்தால் மேலே சொன்ன வெற்றிடங்கள் ஒன்றும் இருக்காது, தாழ்வாரங்கள் வெறும் தாழ்வாரங்களாகவே தெரியும். வாசகர்கள் 2.35:1 பிரதியைத் தேடிப் பார்க்கட்டும். கனவுக் காட்சி தெளிவில்லாமல் இருக்கிறதே என்று வட்டைத் துடைக்க வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்